ஆங்கில இலக்கிய வகுப்பில் நான் எழுதிய ஊரடங்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, 2022-ல் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவள் நான். சாத்தூர் பக்கத்துக் கிராமம். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார். "இங்கிலீஷ் எடுத்தா இங்கிலீஷ் வந்துரும், இங்கிலீஷ் வந்துட்டா வேலை தானா வரும்" என்று தெருவில் நாலு பேர் சொன்னதை வைத்து எடுத்த முடிவு அது. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஒரு வருடமும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. பாடம் லேசானது, ஆசிரியர்களும் பாதிக்குமேல் தமிழில் விளக்கினார்கள். உரைநடை, சிறுகதை, இங்கிலாந்தின் சமூக வரலாறு என்று போனது. கைடு வாங்கி மனப்பாடம் செய்தேன், பாஸானேன். அதனால் வந்த தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. பிரச்சினை தொடங்குவது இரண்டாம் ஆண்டில், மூன்றாம் செமஸ்டரில். அங்கே தமிழ் விளக்கம் குறைந்துவிடும். கவிதை, ஷேக்ஸ்பியர் நாடகம், மொழியியலும் ஒலியியலும் என மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும். முதல் வருடத்தில் "என்ன நடந்தது" என்று கேட்ட கேள்வித்தாள், இப்போது "ஏன் அப்படி எழுதினார், எப்படி எழுதினார்" என்று கேட்க ஆரம்பிக்கும். இந்த மாற்றத்தை யாரும் வகுப்பில் அறிவிக்க மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதல் அடி உள்தேர்வில் விழுந்தது. தாமஸ் கிரே எழுதி 1751-ல் வெளிவந்த இரங்கற்பா ஒன்று பாடத்தில் இருந்தது. ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, பெயர் தெரியாமல் செத்துப்போன ஏழை உழவர்களை நினைத்துப் பாடுகிற கவிதை. முதல் வரி, "தி கர்ஃப்யூ டோல்ஸ் த நெல் ஆஃப் பார்ட்டிங் டே". அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை (ஏன் போகவில்லை என்பது ஒரு சோகக் கதை, பின்னால் வருகிறது). கர்ஃப்யூ என்ற சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தேன். ஊரடங்கு என்று வந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி ஆல் பாஸ் போட்ட 2020 செட் நாங்கள். பதினொன்றாம் வகுப்பில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே படித்தோம். ஊரடங்கைப் பற்றி எனக்குத் தெரியாதா? அடுத்தடுத்த வரிகளும் பொருந்திக்கொண்டே போயின. மாடுகள் திரும்பிப் போகின்றன, உழவன் களைத்துப்போய் வீட்டுக்கு நடக்கிறான், கவிஞர் மட்டும் இருட்டில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் வரிசையாகக் கல்லறைகள். நோய் பரவியதால் அரசர் ஊரடங்கு போட்டுவிட்டார், அதில் செத்துப்போன ஏழைகளுக்காகக் கவிஞர் அழுகிறார் என்று இரண்டரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எங்கள் தெருவில் அந்த வருடம் போன இரண்டு தாத்தாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பத்துக்கு ஒன்று கொடுத்திருந்தார் மேடம். அந்த ஒன்றும் கையெழுத்துக்காக இருக்கும். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டவில்லை, அது அவருடைய நல்ல மனசு. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கர்ஃப்யூன்னா அந்தக் காலத்துல சாயங்காலம் அடிக்கிற மணி. வீட்டு அடுப்பு நெருப்பை மூடி வைங்கன்னு ஊருக்குச் சொல்ற மணி." பிரெஞ்சில் நெருப்பை மூடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். கூரை வீடுகள் நிறைந்த ஊரில் ராத்திரி நெருப்பு பரவிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அந்த மணி, செத்துக்கொண்டிருக்கும் பகலுக்கு அடிக்கிற சாவு மணி மாதிரிக் கேட்கிறது, அதுதான் வரி. சாவு மணி என்ற அந்தச் சொல்லையும் நான் "க்நெல்" என்றுதான் படித்துவைத்திருந்தேன். முதல் எழுத்தை உச்சரிக்கக் கூடாது, நம் நெல் மாதிரித்தான் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

இதிலிருந்து முதல் விஷயம். பழைய கவிதையில் தெரியாத சொல் உங்களைக் கவிழ்க்காது, ஏனென்றால் அதை எப்படியும் தேடிவிடுவீர்கள். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் கவிழ்க்கும். இருநூறு, நானூறு வருடத்தில் பொருள் மாறிப்போன சொற்கள் அவை. போன் மொழிபெயர்ப்பு இன்றைய பொருளை மட்டும் முதலில் காட்டும். அகராதியில் ஒரு சொல்லுக்குக் கீழே வரும் எல்லாப் பொருளையும் படியுங்கள், சொல் எங்கிருந்து வந்தது என்ற பகுதியையும் சேர்த்து. அடிக்குறிப்பு உள்ள பதிப்பை நூலகத்தில் எடுங்கள். ஷேக்ஸ்பியர் என்றால் ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்தில் நாடகங்கள் முழுதாக, காசில்லாமல் கிடைக்கின்றன. எனக்கு இது தெரிந்தது மூன்றாம் வருடத்தில்.

சரி, அன்றைக்கு ஏன் வகுப்புக்குப் போகவில்லை? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போயிருந்தேன். இரண்டாம் வருடம் தொடங்கியதுமே சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் ஒரு மாமா, "இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற புள்ள, எங்க ரெண்டு வார்த்தை பேசு பாப்போம்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே டவுனில் ஒரு சென்டரில் மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய் கட்டினேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வந்துகொண்டிருந்ததே, அதில் சேர்த்துவைத்த பணம் மொத்தமும், அம்மா கொடுத்த மிச்சமும். அந்தச் சென்டரில் மாலை நாலு மணிக்கு பேட்ச். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கல்லூரியில் கடைசி மணி நேரத்தை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள் கடைசி மணி நேரம் என்ன வகுப்பு தெரியுமா? ஒலியியல். ஆங்கிலத்தை எப்படி உச்சரிப்பது என்று சொல்லித்தரும் ஒரே வகுப்பை விட்டுவிட்டு, காசு கொடுத்து ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளப் போனேன். சென்டரில் மூன்று மாதமும் "மை நேம் இஸ்", "மை ஹாபி இஸ்" என்றுதான் ஓடியது. கிரே கவிதை நடந்த நாளில் கவிதை வகுப்பைக் கடைசி மணிக்கு மாற்றியிருந்தார்கள், அதுவும் போயிற்று.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி 71-ல் நின்றது. தேர்வு எழுத அபராதம் 500 ரூபாய். வீட்டில் பரீட்சை ஃபீஸ் என்று பொய் சொன்னேன்.

ஆங்கில இலக்கிய வகுப்பு ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்பு இல்லை. இதைச் சேரும் நாளிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஓரளவு வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, வாசித்ததைப் பற்றி எப்படி யோசிப்பது, அதை எப்படி எழுதுவது என்று பழக்கும் வகுப்பு அது. தமிழ் இலக்கியம் படிக்கிறவர் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவாரா என்ன? பேச்சு வேண்டுமென்றால் வகுப்பில் கேள்வி கேளுங்கள், தப்பாகவாவது. அது இலவசம். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியிலேயே மொழித்திறன் பயிற்சி நடத்தினார்கள். சென்டருக்குக் கட்டிய பணத்தின் மேல் இருந்த மரியாதையில் அதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

2023 நவம்பரில் பரீட்சை. எங்களுக்கு உள்தேர்வு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. ரிசல்ட் வந்தபோது இரண்டு அரியர்: கவிதை, ஒலியியல். ஷேக்ஸ்பியரில் மயிரிழையில் தப்பினேன். கவிதைத் தாளுக்கு மறுமதிப்பீடும் போட்டுப் பார்த்தேன். ஒரு மார்க் ஏறவில்லை, காசுதான் போனது. உங்கள் பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் நகல் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். நகலை வாங்கி ஒரு ஆசிரியரிடம் காட்டி, அவர் போடு என்று சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். ரிசல்ட் வந்த அன்று அழுத அழுகையில் நான் எதையும் யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு, டிகிரியை விட்டுவிட்டு தையல் கற்றுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். தமிழ் இலக்கியம் எடுத்திருந்தால் ராணி மாதிரி இருந்திருப்பேனே என்று ஒரு பக்கம் ஆத்திரம்.

அந்தத் தமிழ்தான் கடைசியில் கை கொடுத்தது. அரியர் விழுந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை ஒலியியல் சார் மதிய இடைவேளையில் உட்கார வைத்தார். முதல் நாள் எடுத்த எடுப்பில், "பள்ளிக்கூடத்துல நன்னூல் படிச்சீங்களா? ப எங்க பிறக்குது?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் எங்கிருந்தோ "மீகீழ் இதழுறப் பம்மப் பிறக்கும்" என்று வந்துவிட்டது. மேல் உதடும் கீழ் உதடும் பொருந்தினால் ப, ம. "அதைத்தான்மா இவன் பைலேபியல்னு சொல்றான்" என்றார். அடுத்து வ. "மேற்பல் இதழுற மேவிடும் வவ்வே." மேல் பல் கீழ் உதட்டைத் தொடுவது, லேபியோ டென்டல். கைடில் நான் உருப்போட்டு உருப்போட்டு மறந்த அட்டவணையின் பாதி, பள்ளியில் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்த நூற்பாவில் ஏற்கெனவே இருந்தது. அன்று சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எங்கே நம் காது ஏமாற்றும் என்பதையும் அவரே சொன்னார். கடல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் எழுத்து க தான், ஒலி மூன்று விதம். நாம் அதை ஒரே எழுத்தாக நினைக்கிறோம், ஏனென்றால் ஒலி மாறினாலும் பொருள் மாறுவதில்லை. அதற்குப் பெயர் அல்லோஃபோன். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசமே பொருளை மாற்றிவிடும். குண்டூசி பின்னும் குப்பைத்தொட்டி பின்னும் தமிழில் எழுதினால் ஒன்றுதான், ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொல். 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலி என்று கணக்குச் சொல்வார்கள், 24 மெய், 20 உயிர். தாளில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒலிக்குறியில் எழுதச் சொல்வார்கள். அங்கேதான் என் மார்க் மொத்தமும் போயிருந்தது, காரணம் கைடு. ஷ்வா என்று ஒரு குறி உண்டு, ஆங்கில 'இ' எழுத்து தலைகீழாக நிற்கிற மாதிரி. ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற உயிரொலி, அழுத்தமில்லாத இடத்தில் தேய்ந்து ஒலிப்பது. நம் குற்றியலுகரம் தேய்வதை நினைத்துக்கொண்டால் பிடிபடும், இரண்டும் ஒன்றல்ல என்றாலும். நான் வாங்கிய கைடில் அந்தக் குறி வரவேண்டிய இடமெல்லாம் சாதாரண 'இ' அச்சாகியிருந்தது. ஒரு பக்கம் முழுக்க. அதை அப்படியே மனப்பாடம் செய்து அப்படியே எழுதிவைத்தேன். ஒலிக்குறியை மட்டும் கைடில் படிக்காதீர்கள். அகராதியில் சொல்லைத் தேடி, உச்சரிப்பைக் காதால் கேட்டு, குறியைக் கையால் எழுதிப் பழகுங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். மூன்று மாதம் நான் செய்தது அவ்வளவுதான்.

கவிதைத் தாளில் யாப்புக் கேள்வி வரும். அசை பிரித்து, அடியின் பெயர் சொல்ல வேண்டும். நேரசை, நிரையசை, தேமா, புளிமா என்று வெண்பாவை அலகிட்டுப் பழகியவளுக்கு இது எளிது என்று நினைத்துத்தான் பரீட்சையில் இறங்கினேன். அந்தக் கிரே வரியை எடுத்துக்கொண்டு, நெடில் வந்த இடமெல்லாம் கனமான அசை என்று குறி போட்டேன். கர்ஃப்யூவில் ஃப்யூ நெடில்தானே? தப்பு. தமிழ் யாப்பு குறில், நெடில், ஒற்று என்று அளந்து பார்க்கும். ஆங்கில யாப்பு அழுத்தத்தைப் பார்க்கும். அந்தச் சொல்லில் அழுத்தம் கர் மேல். மேடம் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லிக் காட்டினார்: தி கர், ஃப்யூ டோல்ஸ், த நெல், ஆஃப் பார், டிங் டே. ஒவ்வொரு இணையிலும் இரண்டாவதில் தட்டு விழும். ஐந்து தட்டு. ஐயம்பிக் பென்டாமீட்டர் என்று பயமுறுத்தும் பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். அலகிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது, அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும். கண்ணால் பார்த்துக் குறி போடாமல், சத்தமாகச் சொல்லித் தட்டிப் பாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்களுக்கு மேக்பெத். அதில் மூன்று சூனியக்காரிகளின் பங்கு என்ன என்று பத்து மதிப்பெண் கேள்வி உள்தேர்வில் வந்தது. போர்க்களத்தில் தொடங்கி மேக்பெத்தின் தலை விழும் வரை ஐந்து பக்கம் எழுதினேன். பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: கதை எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு அதே மேடத்திடம் போய், வேறு என்னதான் எழுதுவது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், அந்தக் காட்சியைத் திறந்து, "கொலை செய்னு அவங்க எங்க சொல்றாங்க, காட்டு" என்றார். தேடினேன். எங்குமே இல்லை. நீ அரசனாவாய் என்று மட்டும்தான் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பாங்கோவிடமும் உன் பிள்ளைகள் அரசர்கள் ஆவார்கள் என்கிறார்கள், அவன் யாரையும் கொல்லக் கிளம்பவில்லை. அப்படியானால் கொலை எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, நாடகத்திலிருந்து மூன்று இடத்தைச் சான்றாகக் காட்டி இரண்டு பக்கம் எழுதினால் ஏழு, எட்டு விழுகிறது. கேள்வியில் இருக்கும் சொல் உங்கள் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும், ஒவ்வொரு பத்தியிலும் நாடகத்திலிருந்து ஒரு இடம் வர வேண்டும். கதைச் சுருக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். கவிதை வரிகளைக் கொடுத்து விளக்கு என்று கேட்கும் அனோடேஷனிலும் இதே மாதிரி, யார் எழுதியது, எந்த இடம் என்று இரண்டு வரி, மிச்சமெல்லாம் அந்த வரிகளின் சொற்களைப் பற்றி.

இன்னொன்று, ஷேக்ஸ்பியரில் வரும் "தௌ", "தீ", "தை" எல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீ, உன்னை, உன் என்பதுதான். "யூ" நம் நீங்கள் மாதிரி. ஒருவரிடமே நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்த பாத்திரம் திடீரென்று நீ என்று இறங்கினால் அங்கே கோபமோ நெருக்கமோ ஏதோ நடக்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கில மீடியத்தில் படித்த தோழி இதைப் பிடிக்கத் திணறினாள். அந்த ஒரு நாள் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

2024 ஏப்ரலில் நாலாம் செமஸ்டரோடு சேர்த்து இரண்டு அரியரையும் எழுதினேன். கவிதையில் 58, ஒலியியலில் 52. பெரிய மார்க் இல்லைதான். கணக்குப் பார்த்தால் ஸ்போக்கன் வகுப்பு 4,500, கைடுகள் ஆறு சேர்த்து 840, வருகைப்பதிவு அபராதம் 500, மறுமதிப்பீடும் அரியர் கட்டணமும் 600. மொத்தம் 6,440 ரூபாய், அம்மாவுக்கு அரை மாதத்துக்கு மேலான கூலி. பரீட்சை ஃபீஸ் என்று சொன்ன பொய்யை ரிசல்ட் வந்த அன்றுதான் ஒப்புக்கொண்டேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு கைடுகளையும் பழைய பேப்பர் கடையில் போட்டேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு 22 ரூபாய் கொடுத்தார் கடைக்காரர்.